கலியாணத்துக்காகத் துப்புரவாக்கிய கரை

பிள்ளை தாரணி,

நேற்றுப் பின்னேரம் முடிவு தெரிந்துவிட்டது. ஏரிக்கரைத் தோட்டங்கள் ஆறும் எங்களிடமே இருக்கும். ஒரு வருடமாக நெஞ்சுக்குள் கிடந்த பாரம் இறங்கிவிட்டது. நேற்று இரவு நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். போனில் சொன்னால் போதாதா என்று அம்மா கேட்டார். போனில் இந்தக் கரையைப் பற்றி நான் பேச்செடுத்தாலே நீ "ஓம் அப்பா, சரி அப்பா" என்று சொல்லிவிட்டு, உங்கள் டிரெஸ்டனில் குளிர் எப்படி, மருமகனுக்கு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை எப்படி என்று கதையை மாற்றிவிடுகிறாய். கடிதமென்றால் நீ கடைசிவரை வாசித்தே ஆக வேண்டும். மற்ற ஐந்து வீட்டுப் பிள்ளைகளும் வாசிப்பதற்காக இதில் ஒரு பிரதி கொடுக்கப் போகிறேன். நாளைக்கு அந்தத் தோட்டங்களைப் பார்க்கப் போகிறவர்கள் அவர்கள்தானே. அதனால் உனக்குத் தெரிந்த சில விஷயங்களையும் விளக்கிச் சொல்லுவேன். வாத்தியாராக இருந்தவனின் பழக்கம் என்று பொறுத்துக்கொள்.

எங்கள் தோட்டங்கள் டோர்ட்மண்ட் நகரத்துக்கு வெளியே, அந்தச் சின்ன ஏரியை நோக்கி இறங்கும் சரிவில் இருக்கின்றன. இங்கே தோட்டங்களைக் குத்தகைக்குக் கொடுக்கும் தோட்டச் சங்கத்தில் பலருக்குத் தோட்டம் உண்டு. ஆனால் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் கடைசி வரிசை ஆறும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கிடைத்தன. அந்தக் காலத்தில் அந்த வரிசையை யாரும் விரும்பவில்லை. ஈரம், நுளம்புக்கடி, சரிவு. நாங்கள் சந்தோஷமாக எடுத்துக்கொண்டோம். கத்தரியும் மிளகாயும் கீரையும் அங்கே காய்த்த அளவு வேறெங்கும் காய்க்கவில்லை. தோட்டங்களின் கீழ் விளிம்பில், தண்ணீருக்கும் எங்கள் பாத்திகளுக்கும் நடுவே, நாணலும் நெட்டைப் புல்லும் பெயர் தெரியாத செடிகளுமாக ஒரு பற்றை எப்போதும் நின்றது. அதைத் தொடக்கூடாது என்று சங்கத்தின் விதியில் இருந்தது. நாங்களும் தொடவில்லை, உன் கலியாணம் வரைக்கும்.

நீ கேட்டது ஒன்றே ஒன்று. "அப்பா, மண்டபத்திலை எடுக்கிற படமெல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். அடுத்த நாள் தோட்டத்திலை, பின்னாலை தண்ணி தெரியிற மாதிரி ஒரு படம் எடுப்பம்." அவ்வளவுதான் நீ சொன்னது. நாணலை வெட்டச் சொல்லவில்லை, புல்லைப் பிடுங்கச் சொல்லவில்லை. இதை நான் திரும்பத் திரும்ப எழுதுவேன்.

எங்கள் ஆட்களைப் பற்றி உனக்குத் தெரியும். கலியாண வீடென்றால் முற்றத்தில் ஒரு புல் நிற்கக்கூடாது. கூட்டிப் பெருக்கி, மண் தெரியத் துப்புரவாக இருந்தால்தான் வருகிறவர்களுக்கு மரியாதை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு எல்லோரும் தோட்டத்துக்கு வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஆறு வீட்டாரும் தாங்களாகவே கிளம்பிவிட்டார்கள். பாலன் அண்ணை, எங்களுக்குப் பக்கத்துத் தோட்டக்காரர், புல்வெட்டும் இயந்திரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக வந்தார்.

"மாஸ்டர், பிள்ளையின்ரை கலியாணத்துக்கு இந்தப் பற்றையை விட்டுவைக்கிறதோ? சனம் வந்து பாத்திட்டு, காட்டுக்குள்ளை சோறு போட்டவை எண்டெல்லோ கதைக்கும்."

"விதி இருக்கே அண்ணை."

"கலியாணத்துக்கு விதி பாக்கிறதோ? புல்லுத்தானே, திரும்ப முளைக்கும்."

நானும் சிரித்துக்கொண்டு கத்தியை எடுத்தேன். ஆண்கள் நாணலை அடியோடு வெட்டினோம். அம்மாவும் மற்றப் பெண்களும் சரிவில் இருந்த புல்லை வேரோடு பிடுங்கிக் கூட்டி அள்ளினார்கள். அந்த வெறும் சரிவு முழுக்கக் கோழி எருவைக் கொத்திப் போட்டு, பூத்து நின்ற செவ்வந்திக் கன்றுகளை வாங்கி நட்டோம். சங்கத் தலைவி ஃபிராவ் பிரிங்க்மான் அப்போது விடுமுறையில் இருந்தார். இருந்திருந்தால் வாசலிலேயே நிறுத்தியிருப்பார். வெள்ளி மாலை சரிவின் மேலே நின்று பார்த்தோம். ஏரி ஒரு கண்ணாடி மாதிரித் தெரிந்தது. "இப்பத்தான் பாக்க ஒரு வடிவு" என்றார் அம்மா. உண்மையில் வடிவாகத்தான் இருந்தது.

இதில் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும் ஒரு விஷயம் உண்டு. ஊரில் விஞ்ஞானம் படிப்பித்த காலத்தில், மண்ணரிப்புப் பாடத்துக்கு நான் எப்போதும் இரண்டு தட்டுகள் கொண்டு போவேன். ஒன்றில் புல்லோடு வெட்டியெடுத்த மண், மற்றதில் வெறும் மண். இரண்டையும் சரித்து வைத்து, பூவாளியால் தண்ணீர் ஊற்றுவேன். புல் தட்டிலிருந்து தெளிந்த தண்ணீர் சொட்டும். வெறும் தட்டிலிருந்து தேத்தண்ணி நிறத்தில் சேறு ஓடும். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். ஜெர்மனிக்கு வந்து, பள்ளிக்கூடங்களில் தமிழ் படிப்பித்தபோதுகூட ஒருமுறை மழையைப் பற்றிய பாடத்துக்கு அதைச் செய்து காட்டினேன். அப்படிப்பட்ட நான், ஒரு முழுச் சரிவையும் அந்த இரண்டாவது தட்டாக்கிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு நின்றேன். தட்டு தட்டாகவும், கலியாணம் கலியாணமாகவும் என் தலைக்குள் வேறு வேறு இடங்களில் இருந்திருக்கின்றன.

நீங்கள் டிரெஸ்டனுக்குப் புறப்பட்ட வாரமே அந்த இடிமழை வந்தது. மழை விட்டதும் நானும் பாலன் அண்ணையும் ஓடிப் போய்ப் பார்த்தோம். எங்கள் தோட்டத்துக்கும் அவருடைய தோட்டத்துக்கும் கீழே கரை பிறை வடிவில் அறுந்து தண்ணீருக்குள் போயிருந்தது. செவ்வந்திக் கன்றுகள் ஏரியில் மிதந்தன. நீங்கள் இரண்டு பேரும் நின்று படம் எடுத்த அந்த இடத்தில் நிற்பதற்கு நிலம் இல்லை. சரிவின் மேலிருந்து மண்ணும் எருவும் கரைந்து, வாய்க்கால் வாய்க்காலாக இறங்கி, கரையோரத் தண்ணீர் முழுக்கக் கபில நிறமாகக் கிடந்தது. வெய்யில் திரும்பிச் சில நாட்களில் அந்தக் கபிலம் பச்சையாக மாறிப் பாசி படர்ந்தது. பாசிக்குப் பசளை போட்டவர்கள் நாங்கள். கத்தரிக்குப் போட்டால் கத்தரி வளரும், தண்ணீருக்குள் போனால் பாசி வளரும், பாசி தின்பதும் அதே பசளைதான். பாசியில் நஞ்சு இருக்கலாம் என்று, எதிர்க்கரையில் சின்னப் பிள்ளைகள் குளிக்கும் இடத்தைக் கயிறு கட்டி மூடினார்கள். நாய்களைத் தண்ணீரில் விட வேண்டாம் என்று பலகை வைத்தார்கள்.

நகரத்தின் நீர்நிலை அலுவலகத்திலிருந்து வந்த பொறியியலாளர் நியாயமான பெண். பாசிக்கு நீங்கள் மட்டும் காரணமில்லை, மேலேயுள்ள கார் தரிப்பிடத்தின் மழைநீரும் வயல்களின் தண்ணீரும் இதே ஏரிக்குத்தான் வருகின்றன என்று சொன்னார். ஆனால் கார் தரிப்பிடத்துத் தண்ணீர் குழாய்க்குள்ளால் வருகிறது, யாருக்கும் தெரியாது. எங்கள் கரை எல்லோருடைய கண்ணுக்கும் முன்னால் அறுந்து கிடந்தது.

சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, கடைசி வரிசை ஆறு தோட்டங்களையும் கலைத்துக் கரையைக் காடாக விட வேண்டும் என்றார். பின்னாலிருந்து இன்னொருவர், "அவர்கள் எப்போதும் அப்படித்தான்" என்றார். அந்த "அவர்கள்" யார் என்று யாருக்கும் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஃபிராவ் பிரிங்க்மான் மேசையைத் தட்டி, "இங்கே கரையைப் பற்றிக் கதைக்கிறோம், ஆட்களைப் பற்றி அல்ல" என்றார். நான் எழுந்தேன். எனக்குத் தெரிந்த ஜெர்மனில், "வெட்டியது நாங்கள்தான். எங்கள் ஊரில் விருந்தாளி வரும்போது நிலத்தைத் துப்புரவாக்குவது மரியாதை. அந்த மரியாதையை நாங்கள் ஏரிக்குச் செய்யவில்லை. கரையைத் திரும்பக் கட்ட எங்களுக்கு ஒரு சந்தர்ப்பம் தாருங்கள்" என்றேன். வாக்கெடுப்பை அடுத்த கோடை முடியும்வரை தள்ளி வைத்தார்கள். அதற்குள் கரை நிலைத்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஆறு தோட்டமும் போகும்.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும்தான் பாலன் அண்ணை வெடித்தார்.

"மாஸ்டர், உங்கட மோளின்ரை கலியாணம், போகப்போறது எங்கட தோட்டம். உள்ளுக்கை நாங்கள், நாங்கள் எண்டு கதைக்கிறியள். ஆருக்காக வெட்டினது?"

"மெஷினோடை முதல் வந்தது நீங்கள் அண்ணை."

"வந்தனான்தான். நீங்கள் மாஸ்டர், படிச்ச மனுசன், வேண்டாம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்க ஏலாதோ?"

அவர் பேருந்து நிலையத்துக்கு என்னோடு வராமல் தனியாக நடந்து போனார். அவருக்கு அந்தத் தோட்டம் என்னவென்று உனக்குத் தெரியும். தொழிற்சாலையில் முதுகு உடைந்து, வேலையை விட்ட நாளிலிருந்து அவர் வீட்டை விட்டு வெளியே வருவதற்கு இருந்த ஒரே காரணம் அது. அவர் சொன்னது அவருடைய மகள் மூலம் உன் காதுக்கு வந்துவிட்டது என்பதும், அதற்குப் பிறகுதான் நீ தோட்டத்துப் பேச்சையே எடுக்காமல் விட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். கிறிஸ்மஸ் விடுமுறைக்கு வந்தபோதும் நீ அங்கே வரவில்லை. தலையிடி என்றாய். நானும் வற்புறுத்தவில்லை.

இப்போது வேலையைப் பற்றிச் சொல்கிறேன். இலையுதிர் காலத்தில் தொடங்கினோம். வில்லோ மரத்தின் மெல்லிய கொப்புகளைக் கட்டுக் கட்டாகக் கட்டி, அறுந்த கரையின் அடியில் மரக்கட்டைகளுக்கு நடுவே அடுக்கினோம். அலை வந்து மோதும்போது அந்தக் கொப்புகள் அதன் வேகத்தை வாங்கிக்கொள்ளும். காங்கிரீட் சுவர் கட்டினால் என்ன என்று நான் கேட்டேன். சுவரில் மோதும் அலை திரும்பிப் போய்ச் சுவரின் அடியையும் பக்கத்துக் கரையையும் தோண்டும் என்றார் பொறியியலாளர். அதற்குப் பிறகு ஒரு லொறியில், ஆள் உயரத்தைவிட நீளமான தடித்த உருளைகள் வந்து இறங்கின. அவற்றுக்குள் நாணல் நட்டு, கரையோரம் படுக்க வைத்துக் கட்ட வேண்டும். நாணல் வேர்விட்டுக் கரையைப் பிடிக்கும்வரை உருளை மண்ணைப் பிடித்திருக்கும், பிறகு உக்கிப் போய்விடும்.

அன்றைக்குத்தான், கூட்டத்துக்குப் பிறகு முதல் தடவையாக, பாலன் அண்ணை எங்கள் பக்கம் வந்தார். உருளையைத் தடவிப் பார்த்தார். ஒரு நார் இழையை இழுத்து மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தார்.

"மாஸ்டர், இது தும்பெல்லோ."

"ஓம் அண்ணை. தேங்காய்த் தும்பு."

"எங்கையிருந்து வருது?"

சிட்டையைப் பார்த்தேன். இலங்கை என்று இருந்தது. சொன்னேன். அவர் அந்த நார் இழையை விரலில் சுற்றினார். பிறகு, "நான் ஏழு வருசம் அகதிக் காம்பிலை இருந்தனான் இஞ்சை நிக்க விடச் சொல்லி. இதுக்கு வந்த உடனை வேலையும் குடுத்து, இடமும் குடுத்திருக்கிறாங்கள்" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். காற்சட்டையை மடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். அந்தக் குளிர்காலம் முழுக்க அந்த மனுசனைக் கரையிலிருந்து பிரிக்க முடியவில்லை. முதுகு நோகும் என்று நான் தடுத்தால், "உங்கட வேலையைப் பாருங்கோ மாஸ்டர், கட்டுத் தெரியாமல் முடிச்சுப் போடுறியள்" என்பார். வசந்தத்தில் வாத்துகள் வந்து இளம் நாணல் குருத்தையெல்லாம் தின்றுவிட்டன. திரும்ப நட்டு வலை கட்டினோம். ஒரு உருளை கழன்றது, அது நான் கட்டியது. அதை அவர் ஆறு வீட்டுக்கும் சொன்னார்.

கரை கட்டினால் மட்டும் போதாது, மேலிருந்து வரும் தண்ணீரையும் அடக்க வேண்டும். ஒவ்வொரு தோட்டத்தின் கீழ்ப் பகுதியையும் விட்டுக்கொடுத்தோம். அங்கே இனிக் கொத்துவதில்லை, பசளை இல்லை, புல்லும் நாணலும் மட்டும். மிஞ்சிய பாத்திகளை, சரிவில் மேலிருந்து கீழே ஓடாமல் குறுக்கே திருப்பினோம். அப்படித் திருப்பினால் ஒவ்வொரு பாத்தியும் தண்ணீரைக் கொஞ்சம் நிறுத்தி அனுப்பும். ஓடுகிற தண்ணீர் மண்ணைக் கொண்டு போகும், நடக்கிற தண்ணீர் விட்டுவிட்டுப் போகும். இலையுதிர் காலத்தில் எரு போடுவதை நிறுத்தினோம், ஏனென்றால் குளிர்காலத்தில் செடி தின்னாது, மழைதான் தின்னும். பசளையை வசந்தத்தில், கன்றின் அடியில், கையளவாகப் போடுகிறோம். விளைச்சல் குறையவில்லை. நிலம் குறைந்ததால் கத்தரி கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது அம்மாவுக்குத்தான். கரையில் திரும்ப வளர்ந்த அந்தப் பற்றைக்குள் விழுந்த இலையை அவரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. இரண்டு தரம் என் கண்ணுக்குத் தெரியாமல் போய் வாரி அள்ளிவிட்டார். இரண்டாவது தரம் ஃபிராவ் பிரிங்க்மான் கண்டுவிட்டார்.

"தயவுசெய்து அதை அப்படியே விடுங்கள். அது குப்பை இல்லை, அதுதான் கரையின் போர்வை."

அம்மா ஜெர்மனில் "ஓகே" என்றுவிட்டு என்னிடம் திரும்பினார். "இஞ்சாருங்கோ, போர்வையாம். போர்வை எண்டா மடிச்சு வைக்கிறேல்லையோ? எனக்கு இதைக் குப்பையா விட்டிட்டு வர மனம் வருகுதில்லை." பிறகு தானே ஒரு வழி கண்டுபிடித்தார். தன் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, பற்றைக்கு முதுகு காட்டி இருக்கிறார். தேத்தண்ணி குடிக்கும்போது அவருக்குக் கத்தரிப் பாத்திதான் தெரியும். அவருக்கும் நிம்மதி, ஃபிராவ் பிரிங்க்மானுக்கும் நிம்மதி. புதிதாகக் கலியாணம் முடித்தவள் நீ, அதனால் சொல்கிறேன்: ஒரு வீட்டில் எல்லாவற்றையும் ஒருவர் மனதுக்குப் பிடித்தபடி துப்புரவாக்க வேண்டியதில்லை. சில நேரம் கதிரையைத் திருப்பிப் போட்டாலே போதும். இதை எழுதும்போது அம்மா பின்னால் நின்று வாசித்துவிட்டு, "உதையும் பாடமாக்கிப் போட்டியளோ" என்கிறார்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். போன வாரம் இங்கே பெருமழை. போன வருடம் கரையை அறுத்த மழையைவிடக் குறைவில்லை. அப்படியொரு மழைக்குப் பிறகுதான் பார்க்க வேண்டும் என்று பொறியியலாளர் தான் வரக் குறித்த நாளை, அந்த டெர்மினை, தள்ளி வைத்திருந்தார். நாங்கள் ஆறு வீட்டாரும் சரிவின் மேலே நின்றோம். அவர் நீளச் சப்பாத்தோடு கீழே இறங்கி, ஒவ்வொரு கட்டையையும் காலால் உதைத்துப் பார்த்தார். நாணலைப் பிடித்து இழுத்தார். ஒன்றும் அசையவில்லை. கார் தரிப்பிடத்துக் குழாயின் வாயில் தண்ணீர் இன்னும் கலங்கிக் கிடந்தது. எங்கள் கரையோரம் அடி தெரிந்தது. அவர் மேலே ஏறி வந்து ஃபிராவ் பிரிங்க்மானிடம் தலையாட்டினார். மாலைக் கூட்டத்தில், கலைக்க வேண்டும் என்று முதலில் எழுந்தவரே, அந்தக் குழாய்த் தண்ணீரைத் தெளிய வைக்கவும் ஒரு நாணல் பாத்தி கட்ட நகரசபையைக் கேட்போம் என்றார். கை உயர்த்தி எண்ணினார்கள். தோட்டங்கள் தப்பின.

வெளியே வந்ததும் பாலன் அண்ணை என் தோளைப் பிடித்தார். "மாஸ்டர், பிள்ளைக்குச் சொல்லுங்கோ. நான் கோபத்திலை கதைச்சதை மனசிலை வைச்சிருக்க வேண்டாமாம் எண்டு." நான், "நீங்களே சொல்லுங்கோ அண்ணை" என்றேன். "எனக்கு ஏலாது. எனக்கு வெக்கமா இருக்கு. நீங்கள் எழுதுங்கோ, உங்களுக்கு அதுதானே வேலை" என்றார். எழுதிவிட்டேன்.

இன்னும் ஒரு விஷயம். சித்திரையில் நாங்கள் உங்கள் வீட்டுக்கு வந்தபோது, போர்வை எடுக்க அலுமாரியைத் திறந்தேன். மேல்தட்டில், துணிகளுக்கு அடியில், கண்ணாடிச் சட்டம் போட்ட படம் ஒன்று குப்புறக் கிடந்தது. திருப்பிப் பார்த்தேன். நீயும் மருமகனும் கரையில் நிற்கிறீர்கள். பின்னால் ஏரி முழுவதும் தெரிகிறது. நீ சிரிக்கும் சிரிப்பு எனக்கு உன்னுடைய ஐந்து வயதை ஞாபகப்படுத்தியது. நான் அதை இருந்தபடியே வைத்துவிட்டுப் போர்வையை எடுத்துக்கொண்டு வந்தேன். அப்போது உன்னிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கரை நிற்குமா நிற்காதா என்று எனக்கே தெரியாது. தெரியாமல் ஆறுதல் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இப்போது தெரியும். அந்த இடத்தில் இனி யாரும் நின்று படம் எடுக்க முடியாது. நாணல் என் தலைக்கு மேல் வளர்ந்து நிற்கிறது, எங்கள் தோட்டத்துக் குடிசையிலிருந்து பார்த்தால் தண்ணீரே தெரிவதில்லை. ஆகவே அந்த ஏரியை அப்படி முழுதாகக் காட்டும் படம் உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அதை எடுத்துச் சுவரில் மாட்டு. வருகிறவர்கள் கரை ஏன் இவ்வளவு வெறுமையாக இருக்கிறது என்று கேட்டால், "எங்கட ஆக்கள் என்ரை கலியாணத்துக்குத் துப்புரவாக்கினவை" என்று சொல்லு. அவர்கள் சிரிப்பார்கள். நீயும் சிரிக்கலாம்.

அன்புடன்,
அப்பா